லோதி தோட்டத்தில் மதிய ஓட்டம்

மே மாத தில்லியில் ஓட வேண்டுமானால் விடியுமுன் எழுந்தே ஆக வேண்டும். எட்டு மணிக்கெல்லாம் லோதி தோட்டத்துப் பாதையில் அனல் வீசும்.

நவம்பரில் கணக்கு தலைகீழ். இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்துவிட, அதன்மேல் சூடான காற்று மூடிபோல உட்கார்ந்துகொள்கிறது. வண்டிப் புகை, வயலில் தாளடி எரித்த புகை எல்லாம் கீழேயே சிறை. வெயில் ஏறித் தரை சூடான பிறகுதான் மூடி விலகும். ஆனாலும் சிக்கந்தர் லோதி கல்லறைப் பக்கம் அதிகாலை ஓட்டக்காரர்கள் குறைவதில்லை. (பிரம்ம முகூர்த்தத்தின் மேல் நமக்குள்ள பக்தி அப்படி!) 2017 நவம்பரில், தள்ளிவைக்கும்படி இந்திய மருத்துவச் சங்கம் கேட்டும் தில்லி அரை மாரத்தான் காலையில்தான் நடந்தது. 2022இல் அக்டோபருக்கு மாறியது.

நானும் விடியலில் ஓடியவன்தான். ஒரு தீபாவளிக்கு மறுநாள் இரண்டாவது சுற்றில் தொடங்கிய இருமல், இன்ஹேலரில் கொண்டுபோய் விட்டது. இப்போது குளிர்காலத்தில் மதியம் இரண்டு மணிக்குப் போகிறேன். அப்போதும் நல்ல காற்று என்று சொல்ல முடியாது. கெடுதல் கொஞ்சம் குறைவு, அவ்வளவே. புல்வெளியில் ஆரஞ்சு உரிக்கும் குடும்பங்கள் என்னை விநோதமாகப் பார்க்கின்றன. ஷீஷ் கும்பத்தில் மிச்சமிருக்கும் நீல ஓடுகள் அந்த நேரத்தில்தான் கண்ணுக்குத் தெரிகின்றன.