உள்ளங்கையில் ஒரு குற்றாலம்!

உங்க உள்ளங்கையை ஒரு தடவை தொட்டுப் பாருங்க. உலர்ந்து இருக்கா? கொடுத்துவெச்சவங்க நீங்க. நசநசன்னு ஈரமா இருக்கா? வாங்க, வாங்க... நம்ம கட்சி!

நான் செட்டியார்பட்டிக்காரன். ராஜபாளையம் பக்கம். அப்பாவுக்கு சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் வேலை. அம்மா, தளவாய்புரத்துக்கு நைட்டி தைத்துக் கொடுக்கிறார். எங்கள் பக்கம் வியர்வைக்கு மரியாதை உண்டு. சட்டை நனைந்து தறியிலிருந்து வருகிறவரை யாரும் கிண்டல் அடிப்பதில்லை. 'பாவம், உழைச்சுட்டு வர்றாரு. தண்ணி குடு' என்பார்கள். அதே வியர்வை ஏசி போட்ட வைவா ரூமில் எனக்கு வந்தால்? 'என்னடா, பேய் அறைஞ்சிருச்சா?' என்று சிரிக்கிறார்கள். உழைத்து வேர்த்தால் கௌரவம், பயந்து வேர்த்தால் கேவலம். இது என்ன நியாயம் பாஸ்?

சிரிப்போடு போனால் பரவாயில்லை. பரீட்சை பேப்பரில் கை வைத்த இடமெல்லாம் இங்க் பரவுகிறது. விரல் ரேகை மெஷின் 'நீ யாருப்பா?' என்று கேட்கிறது. என் பெஞ்ச் நண்பன் கதை இன்னும் மோசம். எந்தக் கேள்வி கேட்டாலும் பட்டுனு பதில் சொல்வான். ஆனால், செமினாருக்கு மட்டும் பேர் கொடுக்க மாட்டான். 'மேடை ஏறினா சட்டையில இந்தியா மேப் வரைஞ்சுரும்டா' என்றான். நல்ல மூளை ஒன்று, நாலு சொட்டு வியர்வைக்குப் பயந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. இதோ, கேம்பஸ் இன்டர்வியூ வரப்போகிறது. ரெண்டு பேர் வீட்டிலும் கல்விக் கடன் காத்திருக்கிறது. அதனால்தான் இந்த மேட்டரைத் துருவ ஆரம்பித்தேன்.

நம் உடம்பில் 20 முதல் 40 லட்சம் வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. வெயிலில் உடம்பைக் குளிரவைப்பது அவற்றின் மெயின் டியூட்டி. ஆனால், உள்ளங்கை, உள்ளங்கால், அக்குள் மூன்றும் கொஞ்சம் சென்டிமென்ட் பார்ட்டிகள். பதற்றம் வந்தாலே கசிய ஆரம்பித்துவிடும். ஆர்டர் போடுவது, சிம்பதெடிக் நரம்பு மண்டலம். 'ஓடு, இல்லே சண்டை போடு' என்று உடம்பைத் தயார்படுத்துகிற டிபார்ட்மென்ட் அது. எங்கள் ஊருக்கு மேற்கே இருக்கிற மலை, 2021-லிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம். அங்கிருந்து ஒரு புலி இறங்கி வந்தால் உடம்பு என்ன செய்யுமோ, அதையேதான் எக்ஸ்டர்னல் உள்ளே நுழையும்போதும் செய்கிறது. புலிக்கும் புரொஃபசருக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது!

இதில் ஒரு சுழல் இருக்கிறது. பயந்தால் வேர்க்கும். 'அய்யய்யோ வேர்க்குதே, பார்த்துருவாங்களே' என்று நினைத்தால் இன்னும் பயம். இன்னும் வேர்வை. மைக்கைக் கொண்டுபோய் ஸ்பீக்கர் முன்னாடி நீட்டினால் 'கீங்...' என்று கத்துமே, அதே ஃபீட்பேக்தான்.

ஒரு சுவாரஸ்யம் சொல்லட்டுமா? உணர்ச்சி மாறும்போது தோலில் மின்சாரம் பாய்கிற அளவும் மாறுகிறது என்று 1888-லேயே சொன்னவர், ஃபிரான்ஸ் நாட்டு டாக்டர் ஃபெரே. 'பொய் கண்டுபிடிக்கும் கருவி' விரலில் வயர் மாட்டி அளப்பதும் இந்த ஈரத்தைத்தான். ஆனால், அதற்குப் பொய் தெரியாது. பதற்றம் மட்டும்தான் தெரியும். சம்மதம் இல்லாமல் யாருக்கும் அந்த டெஸ்ட் எடுக்கக் கூடாது என்று 2010-ல் செல்வி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்பு சொல்லிவிட்டது. ஆக, உங்க வேர்வைக்கு விடை தெரியுமா, தெரியாதான்னு தெரியாது. 'வேர்க்குதுன்னா நமக்கு ஒண்ணும் தெரியலை' என்று நீங்களாகத் தீர்ப்பு எழுதிக்கொள்ளாதீர்கள்.

சரி, என்ன செய்யலாம்?

மூச்சில் ஆரம்பிங்க. 4 எண்ணும் வரை இழுத்து, 6 எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். வெளியே விடும் மூச்சு நீண்டால் இதயத் துடிப்பு நிதானத்துக்கு வரும். வாசலில் நிற்கிற 3 நிமிஷம் போதும். ஆனால், தினமும் பழகியிருக்க வேண்டும். பரீட்சை அன்றைக்கு முதல்முறையாக ட்ரை பண்ணினால் எண்ணிக்கைதான் டென்ஷன் ஆகும்!

இன்டர்வியூவுக்கு முன்னால் கேன்டீன் டீ, காபிக்குக் கொஞ்சம் லீவு கொடுங்கள். கஃபைன் படபடப்பைக் கூட்டும். வெளிர் நீலம், சாம்பல் கலர் சட்டைகள் ஈரத்தைக் காட்டிக்கொடுக்கும். வெள்ளையும் கருநீலமும் காப்பாற்றும். அப்பா கொண்டுவருகிற பேண்டேஜ் துணியில் ஒரு துண்டு எப்போதும் என் பாக்கெட்டில் இருக்கும். ஈரத்தை உறிஞ்ச அதை அடிச்சுக்க ஆளில்லை.

'டென்ஷன் ஆகாதே' என்று மனசுக்கு ஆர்டர் போடாதீர்கள்; கேட்காது. 'நான் டென்ஷனா இல்லை, செம உற்சாகமா இருக்கேன்' என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அப்படிச் சொன்னவர்கள் பாட்டு, மேடைப் பேச்சு, கணக்கு மூன்றிலும் நன்றாகச் செய்ததாக 2014-ல் ஹார்வர்டு ஆராய்ச்சி ஒன்று சொன்னது. இரண்டுக்குமே உடம்பில் அதே படபடப்புதான். பேரை மாற்றுகிறோம், அவ்வளவுதான்.

அடுத்து கடைச் சரக்கு. டியோடரன்ட் வாசனையை மட்டும்தான் கவனிக்கும். வேர்வையைக் குறைப்பது ஆன்டிபெர்ஸ்பிரன்ட். அதில் இருக்கும் அலுமினிய உப்பு, சுரப்பியின் வாசலைத் தற்காலிகமாக அடைக்கும். ராத்திரி, நன்றாக உலர்ந்த தோலில் தடவி காலையில் கழுவ வேண்டும். தூக்கத்தில் வேர்வை குறைவு என்பதால் மருந்து உள்ளே தங்கும். எனக்குத் தோல் டாக்டர் எழுதிக் கொடுத்ததும் இந்த வகை லோஷன்தான். முதல் வாரம் லேசாக எரிந்தது. இப்போது குற்றாலம், சாரல் அளவுக்கு வந்திருக்கிறது.

சும்மா இருக்கும்போதும் கை சொட்டுகிறதா? அதற்கு 'ஹைப்பர்ஹைட்ரோசிஸ்' என்று பேர். சின்ன வயசில் ஆரம்பிக்கும், குடும்பத்தில் இன்னொருவருக்கும் இருக்கலாம். உங்கள் தப்பு எதுவும் இல்லை. தண்ணீரில் கையை வைத்து லேசான மின்சாரம் பாய்ச்சுகிற 'அயன்டோபொரசிஸ்' முதல் போடாக்ஸ் ஊசி வரை சிகிச்சைகள் இருக்கின்றன. (ட்ரிபிள்-ஈ மக்களே... வீட்டு அடாப்டரை வெச்சு நீங்களே செஞ்சு பார்த்துடாதீங்க, ப்ளீஸ்!) நரம்பைத் துண்டிக்கிற ஆபரேஷனும் உண்டு. கை காய்ந்தாலும், முதுகும் வயிறும் அதிகமாக வேர்க்க ஆரம்பிக்கலாம். அதனால் அது கடைசி வழி.

ராத்திரி தூக்கத்தில் நனைகிறது, எடை குறைகிறது, எப்போதும் படபடக்கிறது என்றால் தைராய்டு மாதிரி வேறு காரணம் இருக்கலாம். உடனே டாக்டரைப் பாருங்கள். விருதுநகரிலேயே 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. மதுரைக்கு ஓட வேண்டியதில்லை. பயம்தான் பெரிய பிரச்னை, காலேஜ் போகவே பிடிக்கவில்லை என்றால், 14416-க்கு போன் போடுங்கள். டெலி மானஸ் மனநல உதவி எண். இலவசம், தமிழிலேயே பேசலாம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய மருந்து, ஓடாமல் இருப்பது. ஒவ்வொரு செமினாரைத் தவிர்க்கும்போதும் 'புலி உண்மைதான்' என்று மூளைக்கு நாமே சர்ட்டிஃபிகேட் கொடுக்கிறோம். 4 பேர் முன்னால் பேசுங்கள், அப்புறம் 10 பேர், அப்புறம் கிளாஸ்.

என் நண்பன் வருகிற மாத செமினாருக்குப் பேர் கொடுத்துவிட்டான். வெள்ளைச் சட்டை ரெடி. பேண்டேஜ் துணி, என் சப்ளை. தினமும் சாயங்காலம் காலி கிளாஸ்ரூமில் என்னையும் இன்னும் மூணு பேரையும் உட்காரவைத்துப் பேசிப் பழகுகிறான். வேர்க்கத்தான் செய்கிறது. துடைத்துக்கொண்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுகிறான்!