மைனஸ் 517: போயிட்டு அப்புறம் வாங்க

நோ டியூ ஃபார்ம் தெரியும்தானே? இன்னும் பார்க்காத ஃபர்ஸ்ட் இயர் மக்களுக்காக ஒரு வரி: ஒரு தாள், அதில் லைப்ரரி, லேப், ஹாஸ்டல், டிபார்ட்மெண்ட் என்று வரிசையாகக் கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கையெழுத்து. எதை முதலில் வாங்கணும்னு தாளில் எங்கேயும் போட்டிருக்காது. லைப்ரரியில் போய் நின்றால் "ஹாஸ்டல்ல வாங்கிட்டு வாங்க"ம்பாங்க. ஹாஸ்டலில் ஆள் சாப்பிடப் போயிருப்பார். சரின்னு லேப்புக்குப் போய் ஒரு கையெழுத்தை வாங்கிட்டு, மறுபடியும் ஹாஸ்டலுக்கு ஓடுவீங்க.

உங்க போனை ஆன் பண்ணும்போது அதுக்குள்ள இருக்கிற லினக்ஸ் கெர்னலும் கிட்டத்தட்ட இதைத்தான் பண்ணிட்டு இருக்கு. (ஐபோன்காரங்க மன்னிக்கணும், அது வேற கெர்னல்.)

ஓ.எஸ். பேப்பருக்குப் படிச்சப்போ பூட் ஆகிறதைப் பத்தி ஒரு வரிதான் இருந்தது: கெர்னல் மெமரிக்கு வரும், டிவைஸ்களை இனிஷியலைஸ் பண்ணும், முதல் பிராசஸை ஆரம்பிக்கும். இதில் "டிவைஸ்களை" என்கிற பன்மைக்குள்ள எவ்வளவு சண்டை இருக்குன்னு ஃபைனல் இயர் புராஜெக்ட் வர்ற வரைக்கும் எனக்குத் தெரியாது. எந்த டிவைஸ் முதல்ல? யார் முடிவு பண்றாங்க?

லேப்டாப்பில் இது அவ்வளவு பெரிய தலைவலி இல்லை. பிசிஐ பஸ்ஸைக் கேட்டா யார் யார் உட்கார்ந்திருக்காங்கன்னு அதுவே சொல்லிடும். கரண்ட் கொடுக்கிற வேலையெல்லாம் பெரும்பாலும் பயாஸ் முன்னாடியே முடிச்சு வெச்சிருக்கும். ஏஆர்எம் போர்டுகளில் கதை வேற. நாங்க வெச்சிருந்த பீகிள்போன் பிளாக்கையே எடுத்துக்குவோம். அதில் பிராசஸருக்கு வேண்டிய வோல்டேஜ்களைத் தர்றது டிபிஎஸ்65217 என்கிற தனி சிப். அந்த சிப்போட பேசணும்னா ஐ2சி பஸ் வேணும். ஐ2சி வேலை செய்யணும்னா அதோட கிளாக் ஓடணும், பின்கள் சரியான வேலைக்கு மாற்றப்பட்டிருக்கணும். அதாவது கரண்ட் தர்றவர்கிட்ட பேசுறதுக்கே மூணு பேரைத் தாண்டிப் போகணும்.

பழைய லினக்ஸ் இதுக்கு வெச்சிருந்த பதில் ரொம்ப எளிமையானது: வரிசையை மனுஷங்களே எழுதி வெச்சிடுவாங்க. 0-ல் இருந்து 7 வரை லெவல்கள். இனிட்கால்னு பேர். கோர், ஆர்க், சப்சிஸ்டம், ஃபைல் சிஸ்டம், டிவைஸ், கடைசியில் லேட். நீங்க லேபில் எழுதுற மாட்யூல் இனிட் இருக்கே, அந்த டிரைவரை கெர்னலோட சேர்த்தே பில்ட் பண்ணினா அது 6-ம் லெவலில் போய் உட்காரும். லிங்க்கர் ஒவ்வொரு லெவலோட ஃபங்ஷன் பாயிண்டர்களையும் ஒரு தனி செக்ஷனில் அடுக்கி வைக்கும். பூட் ஆகும்போது கெர்னல் அந்தப் பட்டியலை மேலிருந்து கீழே ஒவ்வொண்ணா கூப்பிடும். அவ்வளவுதான்.

ஒரே லெவலில் இருநூறு டிரைவர் இருந்தா? அங்கதான் எனக்குச் சிரிப்பு வந்தது. மேக்ஃபைலில் எந்த வரி முன்னாடி இருக்கோ அதுதான் முதல்ல. டிரைவர்ஸ் ஃபோல்டரோட மேக்ஃபைலைத் திறந்து பாருங்க: ஜிபிஐஓ, பின்கண்ட்ரோலுக்கு அப்புறம்தான் வரணும்னு கமெண்ட் எழுதியிருப்பாங்க. டிடிஒய், கேரக்டர் டிவைஸ்களுக்கு முன்னாடி வரணும், அப்பதான் கன்சோல் ஒழுங்கா வரும்னு இன்னொரு கமெண்ட். உலகத்தில் இத்தனை மெஷின் ஓடுற கெர்னலில், ரெண்டு வரியை இடம் மாத்தினா பூட் ஆகிற விதமே மாறலாம்.

இந்த முறையில் என்ன நடக்கும்னு பஸ்ஸில் ஊருக்குப் போறவங்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஜன்னல் வழியா துண்டு போட்டு சீட் பிடிக்கிற கதைதான். 'என் டிரைவர் மத்தவங்களுக்குத் தேவை, அதனால் நான் முன்னாடி போறேன்'னு ஒவ்வொருத்தரும் 4-ம் லெவலான சப்சிஸ்டத்தில் துண்டு போட்டாங்க. பீகிள்போனோட ஐ2சி டிரைவர் அங்கதான் இருக்கு. மத்த டிரைவர்களைக் கிளப்ப ஐ2சி தேவைப்படலாம்னு பக்கத்திலேயே கமெண்ட். பிசிஎஃப்8574 மாதிரி ஐ2சி வழியா வேலை செய்யுற ஜிபிஐஓ எக்ஸ்பாண்டரோட டிரைவரும் அதே லெவலில். எல்லாரும் முன் சீட்டில் உட்கார்ந்தா அப்புறம் அது முன் சீட்டா?

அதைவிடப் பெரிய பிரச்சினை, ஒரே கெர்னல் நூறு வகை போர்டில் ஓடணும். ஒரு போர்டில் டிஸ்ப்ளேக்கு கரண்ட் ஐ2சி சிப்பிலிருந்து வரும், இன்னொன்றில் எஸ்பிஐ வழியா வரும், மூணாவதில் வெறும் ஒரு ஜிபிஐஓ பின். ஒருத்தர் எழுதி வெச்ச ஒரே வரிசை மூணுக்கும் சரியா வரவே வராது. மாட்யூலா லோட் பண்ணினா லெவல் கணக்கே கிடையாது. கோடில் லேட் இனிட்கால்னு எழுதியிருந்தாலும், மாட்யூலா பில்ட் பண்ணும்போது அது சாதா மாட்யூல் இனிட்டாகத்தான் மாறும்.

2012-ல் வந்த 3.4 கெர்னலில் கிராண்ட் லைக்லி என்பவர் எழுதிய டிஃபர்டு புரோப் சேர்ந்தது. யோசனை என்னன்னா, வரிசையையே யாரும் எழுத வேண்டாம். கெர்னல் டிரைவரோட புரோப் ஃபங்ஷனைக் கூப்பிடும். தனக்கு வேண்டிய கிளாக்கோ ரெகுலேட்டரோ (வீட்டு ஃபேன் ரெகுலேட்டர் இல்லை) ஜிபிஐஓவோ இன்னும் வரலைன்னா டிரைவர் மைனஸ் 517-ஐத் திருப்பிக் கொடுத்துட்டு ஒதுங்கிக்கும். 'இப்ப ஆள் இல்ல, போயிட்டு அப்புறம் வாங்க'ன்னு அர்த்தம். கெர்னல் அந்த டிவைஸை ஒரு காத்திருப்புப் பட்டியலில் போடும். வேற ஏதாவது ஒரு டிவைஸ் வெற்றிகரமா கிளம்பினா போதும், காத்திருக்கிற எல்லாரையும் மறுபடி கூப்பிட்டுப் பார்க்கும். யாருக்காக யார் காத்திருக்காங்கன்னு கெர்னலுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். எனக்கு இது ரொம்பப் பிடிச்சது. ஆனா இந்த ஏற்பாடு முழுக்க நிற்கிறது ஒரே ஒரு விஷயத்து மேல: ஒவ்வொரு டிரைவரும் அந்த 517-ஐ நேர்மையா மேலே சொல்லணும்.

எங்க கதை இங்கதான் வருது. டீம்மேட்டோட மாமா நாமக்கல் பக்கம் கோழிப் பண்ணை வெச்சிருக்கார். ஷெட்டில் அமோனியா ஏறினா எக்ஸாஸ்ட் ஃபேன் தானா ஓடணும், இதுதான் புராஜெக்ட். சென்சார் போர்டும் அதோட டிரைவரும் முந்தின பேட்ச் விட்டுட்டுப் போனது. சென்சார் ஐ2சியில் இருக்கும். அதோட ரீசெட் பின் ஒரு பிசிஎஃப்8574-ல் இருந்து வரும். ரெண்டுமே மாட்யூல். பூட் ஆகும்போது எது முதல்ல லோட் ஆகும்னு உத்தரவாதம் கிடையாது. பத்துத் தடவை ஆன் பண்ணினா ஏழெட்டுத் தடவை சென்சார் வரும். மீதித் தடவை வராது. டிமெசேஜில் ஒரு எரர்கூட இருக்காது.

லேப் டேபிளில் இது பெரிய விஷயமாத் தெரியலை. ரீபூட் பண்ணினா சரியாயிடுது. ஆனா பண்ணையில் கரண்ட் போய்ப் போய் வரும். ராத்திரி ரெண்டு மணிக்கு கரண்ட் வந்து, சென்சார் வராத அந்தப் பூட் அமைஞ்சா, காலையில் ஆள் வர்ற வரைக்கும் ஃபேன் ஓடாது. உள்ளே ஆயிரக்கணக்கில் கோழி.

தேர்ட் ரிவ்யூவுக்கு நாலு நாள். டீம்மேட் சொன்னது: "பூட் ஸ்கிரிப்ட்ல பத்து செகண்ட் ஸ்லீப் போட்டு அப்புறம் லோட் பண்ணு, வேலை முடிஞ்சுது." போட்டுப் பார்த்தோம், வந்தது. கைடு சாரும் "லேட் இனிட்கால் போட்டுடுங்கப்பா, இல்ல ஸ்லீப்பே இருக்கட்டும், ரிவ்யூவுக்குப் போதும்" என்றார். லேட் இனிட்கால் மாட்யூலில் ஒண்ணும் பண்ணாதுன்னு காட்டினேன். ஸ்லீப்பைப் பத்திதான் சண்டை. பத்து செகண்ட் என்பது எங்க டேபிளில், அன்னைக்கு இருந்த எஸ்டி கார்டில் சரி. ஷெட்டில், வருஷக் கடைசியில் கார்டு மெதுவானா அது பன்னிரண்டு ஆகலாம். "அப்ப இருபது போடு"ன்னான். இருபது போட்டாலும் அதே கேள்விதான்.

கோடைத் திறந்து பார்த்தா விஷயம் ரெண்டு வரியில் இருந்தது. ஜிபிஐஓ கேட்கிற இடத்தில், என்ன எரர் வந்தாலும் சரி, மைனஸ் 19-ஐத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி எழுதியிருந்தாங்க. மைனஸ் 19-ன்னா 'அப்படி ஒரு டிவைஸே இங்க இல்ல'. எக்ஸ்பாண்டர் சரியா மைனஸ் 517-தான் வரவழைச்சிருக்கு. நடுவில் இருந்த டிரைவர் அதை மாத்திச் சொல்லியிருக்கு. கெர்னலும் நம்பிட்டு, பட்டியலில் போடாமலே போயிடுச்சு. மைனஸ் 19-ஐ அது தப்பாகவே எடுத்துக்காது, டீபக் மெசேஜோட நிறுத்திக்கும். எரர் வராத காரணம் அதுதான். வந்த எரரை அப்படியே திருப்பிக் கொடுக்கிற மாதிரி மாத்தினேன். அதுக்கப்புறம் நாங்க மூணு பேரும் மாத்தி மாத்தி நாற்பது தடவை பவரைப் பிடுங்கிச் சொருகினோம். நாற்பது தடவையும் வந்தது. ஸ்லீப்பை எடுத்துட்டோம். டீம்மேட் மட்டும் அந்த வரியை அழிக்காம கமெண்ட் பண்ணி வெச்சிருக்கான், மனசு வரலையாம்.

இன்னொண்ணு சொல்லணும். எங்க போர்டில் 4.19 கெர்னல். புதுசா இருந்திருந்தா இந்தத் தப்பு வெளியவே தெரியாமப் போயிருக்கலாம். ஏன்னா, எஃப்டபிள்யூ டெவ்லிங்க்னு ஒண்ணு வந்து 2021-லிருந்து தானாகவே ஆனில் இருக்கு. டிவைஸ் ட்ரீ ஃபைலில் இந்த சென்சாரோட ரீசெட் அந்த எக்ஸ்பாண்டரில் இருக்குன்னு எழுதியிருக்கே, அதை கெர்னலே முன்கூட்டிப் படிச்சு, எக்ஸ்பாண்டர் வர்ற வரைக்கும் சென்சாரோட புரோப்பைக் கூப்பிடாமலே நிறுத்தி வைக்கும். கமிட்களில் சரவண கண்ணன் என்கிற பெயரையும் கூகுள் மெயில் ஐடியையும் பார்த்து நான் கொஞ்ச நேரம் ஸ்க்ரோல் பண்ணாம உட்கார்ந்திருந்தேன் என்பது உண்மை.

அதுவும் சும்மா வந்துடலை. நோ டியூ ஃபார்ம் சிக்கல் இங்கே நிஜமாவே வரும்: அவர் கையெழுத்துக்கு இவர், இவர் கையெழுத்துக்கு அவர். டிவைஸ் ட்ரீயில் ரெண்டு டிவைஸ் ஒண்ணையொண்ணு சுட்டிக்காட்டிட்டு இருக்கலாம். அப்படி ஒரு வட்டத்தைக் கண்டுபிடிச்சா, கெர்னல் அவங்களுக்குள்ள மட்டும் வரிசையை வற்புறுத்தாம விட்டுடும். நம்ம ஆபீஸ் ரூம்களுக்கு யாராவது இந்த பேட்ச்சை அனுப்பலாம்.

நீங்க டிரைவர் எழுதப் போறீங்கன்னா, ரெண்டு விஷயம் கையில் இருக்கட்டும். கெர்னல் கமாண்ட் லைனில் இனிட்கால் டீபக் போட்டா, ஒவ்வொரு ஃபங்ஷனும் எப்ப கூப்பிடப்பட்டது, என்ன திருப்பிக் கொடுத்தது, எத்தனை மைக்ரோ செகண்ட் எடுத்ததுன்னு வரிசையா கொட்டும். டீபக் எஃப்எஸ்ஸில் டிவைசஸ் டிஃபர்டு என்கிற ஃபைலைப் படிச்சா, இன்னும் வாசலில் நிற்கிறவங்க பட்டியல் கிடைக்கும். அப்புறம், புரோப்புக்குள்ள சைல்டு டிவைஸை ரிஜிஸ்டர் பண்ணினதுக்கு அப்புறம் மைனஸ் 517 திருப்பவே திருப்பாதீங்க, கெர்னல் டாக்குமெண்டேஷனே எச்சரிக்குது. அந்தச் சைல்டு கிளம்பினதையே ஒரு வெற்றியா எடுத்துக்கிட்டு கெர்னல் உங்களை மறுபடி கூப்பிடும், நீங்க மறுபடி சைல்டை உருவாக்குவீங்க, இப்படியே விடிய விடிய ஓடும்.

பெட்டி இப்ப பண்ணையில் மாட்டியாச்சு. ஆனா ஒரு விஷயத்துக்கு 517 உதவலை. அமோனியா சென்சாருக்குக் கரண்ட் கொடுத்ததும் சூடாகி நிலைக்கு வர சில நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் டிரைவர் தயார், பஸ் தயார், ரீடிங்கும் வரும், ஆனா அந்த ரீடிங்கை நம்ப முடியாது. இந்தக் காத்திருப்பை எந்த டிவைஸ் ட்ரீயிலும் எழுத எனக்கு வழி தெரியலை. அதனால் மாமாகிட்ட பேசி, கரண்ட் வந்ததும் முதல் பத்து நிமிஷம் சென்சார் என்ன சொன்னாலும் ஃபேன் ஓடட்டும்னு வெச்சிருக்கோம். கரண்ட் பில்லைப் பத்தி அவர் ஒண்ணும் சொல்லலை. சத்தத்தைப் பத்திதான் சொன்னார்.