துணியில்தான் தெரியும் லிக்னின்

காகித ஆலையில் மரத்தை வேகவைத்த பின் மிஞ்சும் கறுப்பு லிக்கரிலிருந்து லிக்னினைத் திரியவைப்பது பெரிய காரியமில்லை. காரத்தைக் குறைத்தால் அது தானே திரியும். திரிந்ததை வடிகட்டி, கழுவி, காய்ந்த பொடியாகக் கையில் எடுப்பதுதான் வேலை. அண்மையில் ஒரு கருத்தரங்கில் இளம் பொறியாளர் ஒருவர், லிக்கரில் கந்தக அமிலத்தை நேரே ஊற்றி லிக்னின் எடுத்ததாகப் படம் போட்டுக் காட்டினார். நல்ல கைதட்டல். வடிகட்ட எவ்வளவு நேரம் பிடித்தது என்று கேட்டேன். அது எங்கள் ஆய்வில் வராது சார் என்றார். ரெக்கவரி பிரிவிலேயே தலை நரைத்தவனுக்கு அந்தப் பதில் பொறுக்கவில்லை.

எங்கள் ஆலையில் யூக்கலிப்டஸும் சவுக்கும்தான் மரம். ஒரு டன் பல்ப் எடுத்தால் ஏறக்குறைய ஒன்றரை டன் திடப்பொருள் லிக்கரோடு போகும். அதில் மூன்றில் ஒரு பங்கு லிக்னின். லிக்கரை எவாப்பரேட்டரில் சுண்டவைத்து ரெக்கவரி பாய்லரில் எரித்தால் நீராவியும் கிடைக்கும், சோடாவும் திரும்பி வரும். ஆனால் பாய்லர் தன் கொள்ளளவை எட்டிவிட்ட ஆலையில் பல்ப்பைக் கூட்ட முடியாது. லிக்னினில் கொஞ்சத்தை முன்கூட்டியே எடுத்துவிட்டால் பாய்லருக்குப் பாரம் குறையும். அதற்காகத்தான் நாங்கள் சின்னதாக ஒரு பைலட் அமைத்தோம். கண்டபடி எடுத்தால் அடுப்பு குளிர்ந்து, ஸ்மெல்ட், அதாவது உருகிய சோடா உப்பு, இறங்குவதில் சிக்கல் வரும். அந்த அளவை பாய்லர்காரர்கள்தான் சொல்ல வேண்டும்.

30 முதல் 40 சதவீதம் திடப்பொருள் உள்ள லிக்கரை எவாப்பரேட்டரின் நடுவிலிருந்து எடுப்போம். சூடு 70 டிகிரி பக்கம். கரியமில வாயுவை உள்ளே விட்டு பிஎச்சை 10 அளவுக்கு இறக்கினால் லிக்னின் திரிந்துவிடும். இது புதிதல்ல. கனடாவின் டாம்லின்சன்கள் 1940களிலேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். அப்படியிருந்தும் இது ஆலைகளில் பரவலாகாமல் கிடந்ததற்குக் காரணம் வடிகட்டி.

அந்தப் பாடத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் ஃபோர்மேன். ஐ.டி.ஐ. படித்தவர். நாங்கள் லேபில் மாதிரி எடுத்து எண்களைக் குறித்துக்கொண்டிருப்போம். அவர் ஒரு கரண்டி குழம்பை அள்ளி, ஜாடி வாயில் கட்டிய பில்டர் துணியில் ஊற்றுவார். மேலே ஈரம் மினுங்கும். அந்த மினுக்கு மறையும்வரை கண்ணை எடுக்கமாட்டார். சீக்கிரம் மறைந்தால் தலையை ஆட்டுவார். பிறகு துணியில் தங்கியதைக் கட்டைவிரலால் தேய்ப்பார். நல்ல லிக்னின் காப்பித்தூள் மண்டி மாதிரி நறநறக்கும். சூடு கூடிப்போயிருந்தால் தார் போல இழுக்கும். சூடு குறைந்திருந்தாலோ வாயுவை அவசரமாக விட்டிருந்தாலோ வழுவழுவென்று துணியின் கண்ணை அடைக்கும். "மீட்டர் கெடக்கட்டுங்க தம்பி, துணி என்ன சொல்லுதுன்னு பாருங்க" என்பார்.

முதல் கேக் நன்றாக விழுந்த பிறகுதான் உண்மையான தலைவலி. சோடாவை நீக்க, கேக் மேல் தண்ணீர் விட்டோம். கொஞ்ச நேரம் ஓடும். பிறகு பில்டர் பிரஸ்ஸில் அழுத்தம் ஏறும், வடிநீர் மறுபடி கறுக்கும், கடைசியில் சொட்டுகூட இறங்காது. துணியை மாற்றினோம், பம்பை மாற்றினோம். ஃபோர்மேன் வடிநீரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தண்ணி ஊத்த ஊத்த இது கரையுதுங்க தம்பி. மொதல்ல புளிப்பக் குடுங்க, அப்புறம் தண்ணி குடுங்க."

அவர் சொன்னதில் வேதியியல் அத்தனையும் இருந்தது. தண்ணீர் முதலில் உப்பைக் கழுவிக்கொண்டு போகிறது. காரம் இன்னும் இறங்காத நிலையில் உப்பின் அடர்த்தி குறைந்ததும் லிக்னின் மறுபடி உப்பிக் கரைந்து கேக்கின் துளைகளை அடைக்கிறது. கேக்கை உடைத்து, பிஎச் 2 அல்லது 3 இருக்கும் அமில நீரில் கலக்கி, இரண்டாம் முறை வடிகட்டி, அதன் பிறகு கழுவினோம். ஓடியது. ஸ்வீடனில் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தின் தெலியாண்டர் குழுவினர் ஆலைக்கு ஏற்ற முறையாக வளர்த்தெடுத்ததும் இதே வழிதான் என்று பின்னால் படித்தேன். லிக்னோபூஸ்ட் என்ற பெயரில் அது 2013இல் அமெரிக்காவின் பிளிமத் ஆலையிலும், 2015இல் பின்லாந்தின் சுனிலா ஆலையிலும் ஓடத் தொடங்கியது. ஊசியிலை மரத்து லிக்கரில் அவர்கள் பட்ட பாட்டைவிட நாங்கள் பட்டது அதிகம் என்றே சொல்வேன். நம் மரங்களில் சைலான் அதிகம். அது லிக்னினோடு சேர்ந்து விழுந்தால் வடிகட்டுவது இன்னும் மெதுவாகும்.

அமிலத்தை நேரே ஊற்றுகிறவர்கள் இரண்டு விஷயத்தை மறைக்கிறார்கள். முதலாவது, லிக்கரில் இருக்கும் சல்பைடு ஹைட்ரஜன் சல்பைடாகப் பொங்கி வரும். 100 பிபிஎம் தாண்டினால் மூக்கு மரத்துவிடும், அழுகிய முட்டை நாற்றம் தெரியாது, ஆள் சாய்ந்த பிறகுதான் புரியும். கருத்தரங்கில் காட்டிய படத்தில் இருந்தது மூடாத வாளி! இரண்டாவது, ஊற்றிய கந்தகம் முழுவதும் வடிநீரோடு ரெக்கவரிக்குத் திரும்பும். சோடா-கந்தகக் கணக்கு கெட்டு, பாய்லர் புகையிலிருந்து ஈ.எஸ்.பி. பிடிக்கும் சாம்பலை வெளியே கொட்டி, புதிதாகக் காஸ்டிக் வாங்க வேண்டியிருக்கும். மகசூல் கணக்கில் இந்தச் செலவை யாரும் எழுதுவதில்லை.

இப்போது வரும் பயிற்சிப் பொறியாளர்கள் கண்ட்ரோல் ரூமை விட்டு இறங்குவதில்லை. திரை பிஎச் 10 என்றால் அவர்களுக்கு 10தான். இவ்வளவு சோடியம் உள்ள லிக்கரில், அந்தச் சூட்டில், கண்ணாடி எலெக்ட்ரோடு உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். அதன் மேல் லிக்னின் படிந்துவிட்டால் இன்னும் மோசம். வாரம் ஒருமுறையாவது கழற்றித் துடைத்து, ஆறவைத்த மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னால், காலிப்ரேஷன் தேதி இன்னும் வரவில்லை என்கிறார்கள். படித்த பிள்ளைகள். துணியைத் தொட்டால் கை கறையாகும் என்று பார்க்கிறார்கள்.

ஃபோர்மேன் ஓய்வுபெற்று வெகுகாலமாகிறது. பைலட்டைப் பற்றி நிர்வாகம் தயாரித்த அறிக்கையில் அவர் பெயர் இல்லை. சேர்க்கச் சொல்லி நான் எழுதிக் கொடுத்ததையும் எடுத்துவிட்டார்கள். அந்த அறிக்கையை வைத்துத்தான் இப்போது பைலட்டை மறுபடி தொடங்கப் போகிறார்களாம். கேக்கை உடைத்துப் புளிப்பில் கலக்குவது அதில் அரை வரிதான். என்ன சூட்டில், எவ்வளவு நேரம் கலக்க வேண்டும் என்பது எங்குமே இல்லை.