பின்பக்கத்துப் புள்ளி

யாழ்ப்பாணத்தில் பதினாறு வயதில் ஈய எழுத்துக் கோக்கத் தொடங்கியவன் நான். கலியாண அழைப்பிதழ், திருவிழா நோட்டீஸ், அந்தியேட்டிக் கல்வெட்டு என்று எந்த வேலை வந்தாலும் எழுத்து இடவலம் மாறித்தான் கையில் இருக்கும். கொஞ்ச நாளில் அதைத் திருப்பி யோசிக்கத் தேவையில்லை. கண் தானாக வாசித்துவிடும். 1985இல் ஜெர்மனிக்கு வந்தேன். சில வருடம் கழித்து, இசைத்தாள் அச்சிடும் ஓர் இடத்தில் பொதி கட்டும் வேலை கிடைத்தது. அங்கே ஒரு வயதானவர் மேசையில் உலோகத் தகட்டை வைத்துச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். தகட்டில் நோட்டுகள் வலமிருந்து இடமாக ஓடின. ஊரில் சேர்ச் பாடற்குழுவில் டெனர் பாடியவன் என்பதால் நின்ற நிலையிலேயே அந்த வரியை முணுமுணுத்தேன். அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அடுத்த திங்கட்கிழமை பொதி கட்ட வேறு ஆளைப் போட்டார்கள்.

அவரை மைஸ்டர் என்றுதான் கூப்பிட்டேன். பதினான்கு வருடம் பக்கத்தில் இருந்தும் அவர் என்னை ஒருநாளும் 'நீ' என்றதில்லை, நானும் அப்படியே.

தகட்டு வேலையைச் சொல்லிவிடுகிறேன், இனி அதைப் பார்க்கக் கிடைக்காது. ஈயமும் தகரமும் கலந்த தகடு. ஐந்து பல் உள்ள ராஸ்ட்ரலை ஒரே இழுவையில் இழுத்தால் ஐந்து கோடு விழும். பிறகு கவராயத்தால் இடம் அளந்து, எந்த நோட்டு எங்கே என்று ஊசியால் கீறிக்கொள்ள வேண்டும். நோட்டுத் தலை, கிளெஃப், ஷார்ப், ஃபிளாட் எல்லாவற்றுக்கும் தனித்தனி எஃகு அச்சாணி. ஒரே தட்டில் இறங்க வேண்டும். நோட்டின் தண்டான ஸ்டெம், தண்டுகளை இணைக்கும் பீம், நோட்டுகளைச் சேர்க்கும் வளைகோடான ஸ்லர் இவற்றைச் சிற்றுளியால் வெட்டுவது கடைசியில். பிழை வந்தால் தகட்டைக் கவிழ்த்து, கிடுக்கிக் கவராயத்தால் அதே இடத்தைப் பின்பக்கத்தில் பிடித்து, அங்கே தட்டி உலோகத்தை மேலே எழுப்பி, மழித்து, மறுபடி அடிக்க வேண்டும். மைஸ்டர் அதைச் செய்யும்போது மூச்சை அடக்கிக்கொள்வார். ஒரு பக்கம் ஒரு நாளை விழுங்கும். கோரஸும் வாத்தியங்களும் சேர்ந்த ஸ்கோர் பக்கம் என்றால் ஒரு நாளில் அடங்காது.

இப்போது எல்லாம் கணினியில். நான் இருபது வருடம் பழகிய மென்பொருளையும் நிறுத்திவிட்டார்கள். இந்த வயதில் இன்னொன்று படிக்கிறேன். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மென்பொருள் எதுவானாலும் அது தரும் இடைவெளியை அப்படியே விட்டால் பக்கம் பல் விழுந்த வாய்போல இருக்கும். அரை நோட்டு கால் நோட்டைவிட இரண்டு மடங்கு நேரம் ஒலிக்கிறது, அதற்காக இரண்டு மடங்கு இடம் கொடுக்கக் கூடாது. எவ்வளவு கொடுப்பது என்று மைஸ்டரிடம் கேட்டேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பக்கத்தைத் தலைகீழாகப் பிடியுங்கள், எங்கே கறுப்பு திரள்கிறதோ அங்கே பிழை என்றார். இன்றும் புரூஃபை அப்படித்தான் பார்க்கிறேன்.

நாங்கள் செய்வது பெரும்பாலும் ஆய்வுப் பதிப்புகள். ஹேண்டல், பாஹ் காலத்து ஒராட்டோரியோக்கள்: வேஷமும் மேடையும் இல்லாமல் வேதாகமக் கதையைத் தனிக்குரலும் கோரஸும் வாத்தியக்குழுவும் பாடுகிற பெரிய படைப்புகள். பதிப்பாசிரியர், இசையமைப்பாளரின் கையெழுத்துப் பிரதி, அவருடைய நகலெடுப்பவர்கள் எழுதியது, பாடகர்களுக்கும் வாத்தியக்காரருக்கும் பிரித்துக் கொடுத்த பார்ட்டுகள் எல்லாவற்றையும் ஒப்பிட்டு எங்களுக்கு ஒரு செதுக்குப் பிரதி தருவார். ஜெர்மன் மொழியில் ஸ்டிஹ்ஃபோர்லாகெ. தகடு போய்விட்டது, பெயர் மட்டும் நிற்கிறது. நாங்கள் அமைத்த பக்கம் அவரிடம் போய்த் திரும்பும், மறுபடி போகும். கடைசியில் விமர்சன அறிக்கை என்று ஒரு தொகுதி: எந்த பாரில், எந்தக் குரலில், எத்தனையாவது நோட்டில், எந்த மூலம் எப்படி வேறுபடுகிறது என்று நூற்றுக்கணக்கான வரிகள். வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் அதைத் திறப்பதே இல்லை. நான் இரவில் கதைப்புத்தகம்போல வாசிப்பேன்.

தனிப்பொறுப்பில் வந்த முதல் வேலையே எனக்குப் பாடமாகிவிட்டது. ஹேண்டலின் ஓர் ஏரியா, அதாவது தனிக்குரல் பாட்டு. முதல் வயலினில் நான்கு நோட்டுக்கு ஒரு ஸ்லர். அதே துண்டு இரண்டாம் வயலினில் வரும்போது ஸ்லர் இல்லை. விட்டுப்போயிற்று என்று நினைத்து நானே போட்டுவிட்டேன். ஒன்றிரண்டு அல்ல, பதினொன்று. புரூஃப் திரும்பி வந்தபோது பதினொன்றும் சிவப்பு வட்டத்துக்குள் இருந்தன. மைஸ்டர் தாளை என் முன்னால் வைத்தார்.

"இதை யார் எழுதியது?"

"ஹேண்டல் அவசரத்தில் மறந்திருப்பார், மைஸ்டர்."

"மறந்திருக்கலாம். அவர் மறந்தார் என்பதை அவர் கையெழுத்திலேயே எழுத உங்களுக்கு யார் அனுமதி தந்தது?"

மூலத்தில் இல்லாத ஸ்லரைப் பதிப்பாசிரியர் சேர்த்தால் அதை விட்டு விட்டு வரையும் கோடாகப் போட வேண்டும். சேர்த்த டிரில் அடைப்புக்குறிக்குள் வரும், அல்லது சின்ன எழுத்தில். சேர்த்த சொல் சாய்வெழுத்தில். இது ஒவ்வொரு பதிப்பகத்திலும் கொஞ்சம் மாறும். ஆனால் வாசிப்பவருக்கு எது ஹேண்டலுடையது, எது நம்முடையது என்று கண்ணால் பார்த்தவுடன் தெரிய வேண்டும் என்பது மாறாது. நான் போட்ட முழுக்கோடு பதினொரு பொய். அவற்றை அழிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, அதனால்தான் இன்னும் உறுத்துகிறது.

நல்லெண்ணத்தோடு திருத்துவதுதான் இந்தத் தொழிலில் பெரிய ஆபத்து. ஹேண்டலின் 'மேசியா'வில் எக்காளம் வாசிக்கும் பேஸ் ஏரியாவில் 'இன்கரப்டிபிள்' என்ற ஆங்கிலச் சொல் வருகிறது. ஆங்கிலேயர் 'ரப்'பில் அழுத்துவார்கள். ஹேண்டல் அழுத்தத்தை 'டி'யில் வைத்தார். ஜெர்மன்காரருக்கு ஆங்கிலம் பிடிபடவில்லை என்று பின்னால் வந்தவர்கள் நோட்டுக்கடியில் அசையை நகர்த்தி நகர்த்தி அச்சிட்டார்கள். பாடுகிறவர் விரும்பினால் மாற்றிப் பாடட்டும். அசையை அமைக்கிற என் கைக்கு அந்த உரிமை இல்லை. நானும் இன்னொருவர் மொழியில் நாற்பது வருடம் அழுத்தம் பிழைத்துப் பேசுகிறவன்தானே.

அதே 'மேசியா'வில் ஹேண்டலின் சொந்தக் கையெழுத்துப் பிரதியைப் பார்த்தால் ஓபோவுக்கும் பஸ்ஸூனுக்கும் வரி இருக்காது. அவற்றின் பார்ட் எங்கே கிடைக்கிறது என்றால், லண்டனில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான ஃபவுண்ட்லிங் மருத்துவமனைக்கு அவர் ஒரு ஸ்கோரும் எல்லாப் பார்ட்டுகளும் உயில் எழுதி வைத்தார். அந்தக் கட்டு இன்றும் இருக்கிறது. இன்னொரு சிக்கல்: ஒரே ஏரியாவை அவர் பாடகருக்குத் தக்கபடி மாற்றிக்கொண்டே போனார். 1741இல் பேஸ் குரலுக்கு எழுதியதை 1750இல் குவாதாஞ்ஞி என்ற ஆல்டோ பாடகருக்காகத் திருப்பி எழுதினார். எது சரியான 'மேசியா' என்று புதிதாக வருபவர்கள் என்னைக் கேட்கிறார்கள். எல்லாமே. அதனால்தான் எங்கள் தொகுதிகளின் பின்னிணைப்பு செங்கல் கனம்.

'மேசியா' கையெழுத்துப் பிரதியின் தேதிகளை அறிக்கைக்காக அமைத்தபோது ஒரு வேடிக்கை. ஹேண்டல் தேதிக்குப் பக்கத்தில் கிழமையைக் கிரகக் குறியாகப் போடுவார். பக்கத்து மேசைக்காரர் அந்தக் குறியைப் பார்த்து எழுத்தா, கிறுக்கலா என்று குழம்பிக்கொண்டிருந்தார். சனிக் கிரகம், ஆகவே சனிக்கிழமை என்றேன். எங்கள் மொழியில் கிழமையே அப்படித்தான் என்று சொன்னால் அவர் நம்பவில்லை. 1741 ஆகஸ்ட் 22, சனிக்கிழமை தொடக்கம். செப்டம்பர் 12, அதுவும் சனிக்கிழமை, முடிவு. அதற்குக் கீழே, 14ஆம் தேதி 'நிரப்பியாயிற்று' என்று ஒரு குறிப்பு. இருபத்துநான்கு நாளில் எழுதினார் என்று எல்லாரும் வியக்கிறார்கள். எனக்கு அந்தக் கடைசிச் சொல்தான் பிடிக்கும். முதலில் பாட்டுக்குரலும் பேஸும் ஓடிவிடும், உள்வரிகளைப் பிறகு வந்து நிரப்புவார். நாங்களும் பக்கத்தை அப்படித்தான் கட்டுகிறோம்.

இனி நான் கொஞ்சம் பெருமைப்படுகிற விஷயம். அந்தக் காலத்து மை இரும்பும் கடுக்காய் மாதிரி ஒரு காயும் சேர்த்தது. நாள்பட அது தாளைத் தின்னும். பெர்லினில் பாஹ் எழுதிய தாள்களில் நோட்டுத் தலைகள் ஓட்டையாக உதிரத் தொடங்கியதால் தாளை இரண்டு படலமாகப் பிளந்து நடுவில் மெல்லிய தாள் வைத்து ஒட்டிக் காப்பாற்றினார்கள். மை தின்னாத இடத்திலும் மறுபக்கத்து எழுத்து இந்தப் பக்கம் ஊறித் தெரியும். ஒரு வேலையில் மைக்ரோஃபிலிமிலிருந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் பிரதியை வைத்து, வயலின் வரியில் இரண்டு நோட்டுக்கு மேல், குறுக்கி வாசிக்கச் சொல்லும் ஸ்டக்காட்டோப் புள்ளி போடச் சொல்லியிருந்தார் பதிப்பாசிரியர், ஓரத்தில் கேள்விக்குறியோடு. புள்ளியைச் சுற்றி மங்கலாக ஏதோ தெரிந்தது. வேறு யாருக்கும் அழுக்கு. எனக்கு அது ஈய எழுத்துப்போல இடவலம் மாறிக் கிடந்த ஒரு வரி, வாசித்துவிட்டேன். மறுபக்கத்தின் படத்தை எடுத்து, திருப்பி ஒளிமேசையில் மேலே வைத்தேன். இரண்டு புள்ளியும் மறுபக்கத்து வியோலாவின் இரண்டு நோட்டுத் தலைமேல் பொருந்தின. கடிதம் எழுதினோம். அவர் நூலகத்துக்குப் போய் மூலத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு ஒரே வரியில் நன்றி எழுதினார். புள்ளிகள் போயின. அறிக்கையில்கூட அது வராது. இல்லாத புள்ளிக்கு ஏது குறிப்பு?

மைஸ்டரிடம் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு, ஏழாம் பக்கத்தில் உங்கள் ஸ்லர் நுனி கோட்டைத் தொடுகிறது என்றார்.

பார்ட் அமைப்பதில்தான் தொழில் தெரியாதவன் பிடிபடுவான். தாள் திருப்பும் இடத்தில் வாத்தியக்காரருக்கு ஓய்வு இருக்க வேண்டும். வயலின்காரர் இருவர் ஒரு தாளைப் பார்ப்பார்கள், ஒருவர் திருப்புவார். அந்த நேரம் பாதிச் சத்தம் போய்விடும். கிறிஸ்து பிறப்புக்கு முந்திய வாரங்களில் இங்கே ஊருக்கு ஊர் பாஹின் 'கிறிஸ்துமஸ் ஒராட்டோரியோ' பாடுவார்கள். நான் அமைத்த பார்ட்டை வைத்து வாசித்த கச்சேரிக்கு மனைவியோடு போயிருந்தேன். ஓடுகிற பதினாறாம் நோட்டுகளின் நடுவே திடீரென்று இரண்டாம் வயலின் மெலிந்து, ஒரு பார் கழித்துத் திரும்பி வந்தது. அதற்கு முந்திய பக்கத்தில் நாலு வரி மிச்சம் பிடிக்கலாம் என்று நெருக்கி அடித்தவன் நான். "என்ன, ஏன் குனிஞ்சு கொண்டு இருக்கிறியள்?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். பக்கத்தைப் பாதி வெறுமையாக விடக் கூச்சப்படாதீர்கள். அடிக்குரலைத் தொடர்ந்து தாங்கும் கன்டினுவோ வாசிப்பவருக்கு ஓய்வே கிடையாது, அவருக்கு மடிப்புத்தாள் ஒட்டிக் கொடுங்கள்.

அந்த ஒராட்டோரியோவின் முதல் பக்கத்தையாவது படத்தில் பாருங்கள். 1733 டிசம்பரில் சாக்சனி ஆட்சியாளரின் மனைவியின் பிறந்தநாளுக்குச் செய்த இசையை, மறுவருடம் கிறிஸ்துமஸுக்கு எடுத்துக்கொண்டு வேறு சொல் போட்டார் பாஹ். தொடக்கக் கோரஸில் கை பழக்கத்தில் பழைய சொல்லையே எழுதிவிட்டு, பிறகு அடித்துப் புதுச் சொல்லை எழுதியிருக்கிறார். அச்சுப் பக்கத்தில் புதுச் சொல் மட்டும் சுத்தமாக நிற்கும். அடித்தது அறிக்கைக்குப் போகும். அதை அமைக்கும்போது ஊரில் பழைய கலியாண அழைப்பிதழின் அச்சுப் பலகையை எடுத்துப் பெயர் மாற்றும்போது முதல் மாப்பிள்ளையின் பெயரை விட்டுவிட்டு அடிவாங்கியது நினைவு வந்தது.

இந்தத் தொழிலில் பெயர் பற்றி யோசிப்பவர்களுக்கு நான் பதிப்பாசிரியர் கிரிசாண்டரைக் காட்டுவேன். ஹாம்பர்க்குக்குப் பக்கத்தில் பெர்கெடோர்ஃபில் தன் வீட்டிலேயே செதுக்கும் பட்டறையும் அச்சும் வைத்து, ஏறத்தாழத் தனியாளாக ஹேண்டலின் தொண்ணூறுக்கும் மேற்பட்ட தொகுதிகளை வெளியிட்டார். பணத்துக்குத் தோட்டத்தில் காய்கறி, பழம் விளைவித்து விற்றார். 1901இல் இறந்தார். அவருடைய 'மேசியா' அடுத்த வருடம் வெளிவந்தது. அவர் முடிவுகள் பலவற்றை இன்றைய பதிப்புகள் மாற்றிவிட்டன, சரிதான். அவர் பக்கத்தின் கறுப்பு மட்டும் இன்னும் சமமாக இருக்கிறது. நான் தலைகீழாகப் பிடித்துப் பார்த்திருக்கிறேன்.

போன வருடம் வலது கண்ணில் புரை எடுத்தார்கள். ஒரு மாதம் திரை பார்க்கக் கூடாது. திரும்பி வந்ததும் முதல் வேலை ஹேண்டலின் 'யெப்தா'. இரண்டாம் பாகத்தின் கடைசிக் கோரஸை எழுதிக்கொண்டிருந்தபோது, 1751 பிப்ரவரி 13 அன்று, இடது கண்ணின் பார்வை தளர்ந்ததால் இதற்குமேல் முடியவில்லை என்று தாளின் அடியில் ஜெர்மன் மொழியில் குறித்து வைத்தார். பத்து நாள் கழித்து, தன் பிறந்தநாளன்று, கொஞ்சம் தேறியிருக்கிறது என்று எழுதி மறுபடி தொடங்கினார். நகல் படத்தில் நோட்டுத் தலைகள் பெரிதாகி, ஸ்டெம்கள் தலையை விட்டு விலகி நிற்கின்றன. அவற்றை நான் ஒட்டித்தான் வைக்க வேண்டும். குறிப்பு ஸ்கோரில் வராது, அறிக்கையில் ஒரு வரி. நிறுத்திய நோட்டுக்கும் தொடங்கிய நோட்டுக்கும் நடுவில் பார்களைப் பிரிக்கும் ஒரு கோடு; எங்கள் இடைவெளி விதிப்படி இருபக்கமும் சேர்த்து ஆறு மில்லிமீட்டர். ஏழு வைத்துப் பார்த்தேன். மறுபடி ஆறாக்கினேன்.