பிரித்தலும் சேர்த்தலும்

ஒரு பொருளின் இயல்பினை அறிவதற்கு வழிகள் இரண்டு. அதனைக் கூறு கூறாகப் பிரித்துப் பார்த்தல் ஒன்று. பிரிந்து கிடப்பனவற்றைச் சேர்த்துப் பார்த்தல் மற்றொன்று. தமிழ் கற்பார்க்கு இவ்விரண்டும் புதியன அல்ல. ஒரு சொல்லைப் பகுதி, இடைநிலை, விகுதி எனப் பகுத்து அதன் அமைப்பினை உணர்கிறோம். நிலைமொழியும் வருமொழியும் சேருமிடத்து எவ்வெழுத்துத் தோன்றும், எது திரியும், எது கெடும் என்பதனைப் புணரியலில் கற்கிறோம். ஆயினும், சொல்லைப் பிரிப்பதனால் சொல்லுக்கு நோவு இல்லை. பிரித்ததனை மீண்டும் சேர்த்துவிடலாம். உயிருள்ள உடலைப் பிரித்தால் மீண்டும் சேர்த்தல் இயலாது. சேரத்தகாத மருந்துகளைச் சேர்த்துவிட்டாலோ உண்டவன் உடல் கெடும். ஆதலின், உயிர்நூலிலும் மருத்துவத்திலும் இவ்விரு செயல்களும் மிக்க எச்சரிக்கையோடு செய்யத்தக்கனவாம்.

முதலில் பிரித்தலை எடுத்துக்கொள்வோம். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலன் என்னும் மருத்துவர் குரங்கு, பன்றி முதலிய விலங்குகளை அறுத்துக் கண்டவற்றை மனித உடலுக்கும் பொருத்தி எழுதிவைத்தார். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அவர் சொல்லே முடிந்த முடிபாகக் கொள்ளப்பட்டது. வெசாலியசு என்பவர் மனித உடலையே கூறுபடுத்திப் பார்த்து, அவர் கூற்றிலிருந்த பிழைகள் பலவற்றைத் திருத்தி 1543-இல் பெருநூல் ஒன்று வெளியிட்டார். ஆர்வி என்னும் ஆங்கில மருத்துவர் பல விலங்குகளின் இதயத்தை ஆராய்ந்தார். அரைமணி நேரத்தில் இதயம் வெளித்தள்ளும் குருதி, உடம்பிலுள்ள குருதி முழுவதினும் மிகுதியாதலைக் கணக்கிட்டு, குருதி உடம்பில் சுற்றி வருகிறது என்னும் உண்மையை 1628-இல் உலகுக்கு அறிவித்தார். இன்று மருத்துவர் நம் நாடியைப் பிடித்துப் பார்க்கும் பொழுதெல்லாம் அவர்தம் உழைப்பின் பயனை நாம் நுகர்கிறோம். இக்கடனை மறுத்தல் நன்றியுடையார் செயல் அன்று.

ஆயினும், ஆராய்ச்சியாளர் செய்ததனை வகுப்பறையில் ஆண்டுதோறும் மாணவர் அனைவரும் செய்ய வேண்டுமோ? நம் மேனிலைப் பள்ளிகளில் தவளையை மயக்கிக் கொன்று, மெழுகுத் தட்டில் மல்லாத்திக் கால்களில் ஊசி குத்தி, வயிற்றைக் கீறிப் பார்க்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்துவந்தது. நான் தமிழாசிரியனாய்ப் பணியாற்றிய பள்ளியொன்றில், திருக்குறளின் கொல்லாமை அதிகாரத்தை நடத்தி முடித்த அளவில், மாணவன் ஒருவன் எழுந்து நின்றான்.

“ஐயா, இந்த மணியில் கொல்லாமையைப் படித்தோம். அடுத்த மணியில் தவளையை அறுக்க வேண்டும். இவ்விரண்டில் நாங்கள் எதனைக் கைக்கொள்வது?” என்று கேட்டான்.

வகுப்பில் சிலர் நகைத்தனர். எனக்கு நகைப்பு வரவில்லை. “தவளையின் இதயத்துக்கு எத்தனை அறைகள்?” என்றேன். “மூன்று, ஐயா” என்றான். “எவ்வாறு அறிந்தாய்?” என்றேன். “பாடநூலில் படித்தேன்” என்றான். “அங்ஙனமாயின், கத்தி உனக்குப் புதிதாய்ச் சொல்லப்போவது யாது?” என்று வினவினேன். அவன் சற்றே எண்ணி, “கை பழகும் அல்லவா, ஐயா?” என்றான்.

அவ்விடை புறக்கணிக்கத்தக்கது அன்று. படித்தறிதல் வேறு, தொட்டறிதல் வேறு. அறுவை மருத்துவர்க்குக் கை பழகியே ஆக வேண்டும். ஆனால், வகுப்பிலிருக்கும் நாற்பதின்மரும் அறுவை மருத்துவர் ஆவதில்லை. ஆகின்றவர்களும் மனித உடலின் அமைப்பினைத் தவளையிடம் கற்பதில்லை. இறந்தபின் தம் உடல் பிறர்க்குப் பயன்படுக என மனமுவந்து அளித்துச் சென்ற சான்றோர் உடல்களில் கற்கின்றனர். கொடுத்த உடலுக்கும் பறித்த உயிருக்கும் உள்ள வேற்றுமையை நீங்களே எண்ணிப் பாருங்கள். ஆர்வியின் கத்தி, அதுவரை எவரும் விடை காணாத வினாவுக்கு விடை தேடிற்று. வகுப்பறைக் கத்தியோ, நூலில் முன்னமே எழுதப்பட்ட விடையை மீண்டும் காட்டுகிறது. அவ்விடைக்கு ஓர் உயிரை விலையாகக் கொடுத்தல் மிகை என்பதே என் கருத்து. அன்று அம்மாணவனிடமும் இதனையே கூறினேன்.

மேலும், தவளை வயலுக்கு நண்பன். பயிரைக் கெடுக்கும் பூச்சிகளைத் தின்று உழவனுக்கு உதவுவது. தவளைக்கால் ஏற்றுமதியை இந்திய அரசு 1987-இல் தடை செய்தது. பல்கலைக்கழக மானியக் குழு, விலங்கியல் வகுப்புகளில் விலங்குகளை அறுப்பதைப் படிப்படியாகக் கைவிடுமாறு 2011-இல் நெறிமுறை வகுத்தது. 2014-இல் அதனை முற்றிலும் நிறுத்துமாறு அறிவித்தது. மாதிரி உருவங்களும் கணிப்பொறிப் படங்களும் இன்று அவ்விடத்தை நிரப்புகின்றன.

இனிச் சேர்த்தலைக் காண்போம். நம் முன்னோர் மருந்துச் சேர்க்கையை நன்கு அறிந்தவர்கள். சுக்கு, மிளகு, திப்பிலி என்னும் மூன்றும் சேர்ந்தது திரிகடுகம். அம்மருந்து உடல்நோயைத் தீர்ப்பது போல மும்மூன்று கருத்துகளால் உள்ளத்தின் நோயைத் தீர்க்கும் நூலுக்கும் அப்பெயரே அமைந்தது. ஏலாதி என்னும் மருந்திலோ ஏலம், இலவங்கம், சிறுநாவற்பூ, மிளகு, திப்பிலி, சுக்கு ஆகிய ஆறும் முறையே ஒன்று முதல் ஆறு பங்கு வரை அளந்து சேர்க்கப்படும். பொருள்கள் மட்டும் மருந்தாகா. அளவும் சேர்ந்தே மருந்தாகும் என்பது இதனால் விளங்கும்.

இவ்வுண்மையை இக்கால மருத்துவம் காசநோயோடு போராடிக் கற்றது. 1943-இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. கினிப் பன்றிகளுக்குக் கொடுத்துப் பார்த்து அதன் ஆற்றலை அறிந்த பின்னரே மனிதர்க்குக் கொடுத்தனர். அச்சிற்றுயிர்கட்கும் நாம் கடன்பட்டுள்ளோம். 1948-இல் வெளியான பிரிட்டன் நாட்டு ஆய்வில், அம்மருந்து பெற்ற 55 பேரில் ஆறு திங்களுக்குள் இறந்தவர் நால்வர். பெறாத 52 பேரில் இறந்தவர் பதினால்வர். மக்கள் மகிழ்ந்தனர். அம்மகிழ்ச்சி நிலைக்கவில்லை. நோய்க்கிருமிகளுள் மிகச் சில அம்மருந்துக்கு அடங்காத இயல்புடையவை. ஏனையவை மடிய, அவை மட்டும் பெருகின, நோய் திரும்பிற்று.

அடங்காத கிருமியை அடக்கும் வழி யாது? வேறொரு மருந்தினையும் உடன் சேர்த்தலே. ஒரு மருந்துக்குத் தப்பும் கிருமி மற்றொன்றால் மடியும். இரண்டுக்கும் ஒருங்கே தப்பும் கிருமி மிக மிக அரிது. பாரா அமினோ சாலிசிலிக் அமிலத்தைச் சேர்த்துக் கொடுத்தபொழுது இஃது உண்மையாதல் 1950-இல் தெளிவாயிற்று. 1952-இல் ஐசோனியசிட் வந்தது. 1956-இல் சென்னையில் காசநோய் மருந்து ஆய்வு நிலையம் நிறுவப்பட்டது. மருந்துகளை ஒழுங்காக உட்கொண்டால், எளிய குடும்பத்தார் தம் வீட்டிலிருந்தே, மருத்துவமனையில் தங்கினார்க்கு நிகராகக் குணமடையலாம் என்பதனை அந்நிலையம் 1959-இல் நிலைநாட்டியது. உலகெங்கும் காசநோய் மருத்துவத்தின் போக்கினை மாற்றிய ஆய்வு அது. பிற்காலத்தில் ரிபாம்பிசின், ஐசோனியசிட், பைரசினமைடு, எத்தாம்பியூட்டால் என்னும் நான்கினையும் ஒரே மாத்திரையில் அடக்கினர். நோயாளி ஒன்றை உண்டு மற்றொன்றை விட்டுவிட இயலாமை இதன் சிறப்பாகும்.

ஆயினும், சேர்ப்பதெல்லாம் சிறப்பன்று. ரிபாம்பிசினும் ஐசோனியசிடும் இரைப்பை அமிலத்தில் ஒன்றுகூடினால் முன்னது சிதைவுறும். அதனைத் தடுக்குமாறு மாத்திரையைச் செய்ய அறிவும் உழைப்பும் வேண்டும். பல மருந்துகள் ஒன்றாயிருக்குங்கால் ஒன்றின் அளவை மட்டும் கூட்டவோ குறைக்கவோ இயலாது. தீங்கு நேரின் எதனால் நேர்ந்தது என அறிதலும் அரிது. தக்க காரணமின்றிச் சேர்க்கப்பட்ட மருந்துகள் நம் நாட்டுக் கடைகளில் மலிந்தமையால், 2016-இல் நடுவண் அரசு 344 கூட்டு மருந்துகளைத் தடை செய்தது. மருந்து நிறுவனங்கள் வழக்காடின. மீண்டும் ஆராய்ந்த பின்னர், 2018-இல் 328 கூட்டு மருந்துகள் தடை செய்யப்பட்டன.

மாணவர்களே! பிரிக்கும் முன், “இதனால் அறியப்படுவது யாது? அதற்கு யார் நோவர்?” என்று கேளுங்கள். சேர்க்கும் முன், “இவை ஏன் சேர வேண்டும்? எவ்வளவு சேர வேண்டும்?” என்று கேளுங்கள். கொல்லாமைக்கு ஓர் அதிகாரமும் மருந்துக்கு ஓர் அதிகாரமும் ஒரே நூலில் வகுத்தார் வள்ளுவர். அருளும் அறிவும் ஒன்றையொன்று விலக்குவன என்று அவர் கருதினாரல்லர். நீங்களும் அங்ஙனமே இரண்டினையும் ஒருங்கே கற்பீர்களாக.