சிங்கப்பூரில் ஒரு கைக்கடிகாரம்



பயணக் கட்டுரை என்றதும் வானளாவிய கட்டடங்களையும் கடலோரப் பூங்காக்களையும் எதிர்பார்ப்பீர்கள். சிங்கப்பூரில் அவை நிறைய உண்டு. அவற்றைப் பற்றி எழுதியோரும் நிறைய உண்டு. நான் எழுத விரும்புவது அந்நகரின் ஒரு சாலையைப் பற்றியும், அச்சாலையில் நடந்து சென்று நான் வாங்கிய ஒரு பழைய ஒமேகா கைக்கடிகாரத்தைப் பற்றியுமே. "மதரஸாவில் ஓதிக்கொடுப்பவருக்கு இத்தனை விலையில் கடிகாரம் எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். அக்கேள்வியை முதன்முதலில் கேட்டவன் நானே. ஆகவே முன்கதையைச் சொல்லிவிடுகிறேன்.

என் தந்தையார் (அல்லாஹ் அவர்களின் மண்ணறையை ஒளிமயமாக்குவானாக!) 1970-ஆம் ஆண்டு சபராளியாகச் சிங்கப்பூர் சென்றவர்கள். ராபிள்ஸ் பிளேஸுக்கும் கடலோரச் சாலைக்கும் இடையே சேஞ்ச் ஆலி என்றொரு குறுகிய சந்து இருந்தது. கப்பலிலிருந்து இறங்குவோர் நாணயம் மாற்றும் இடம் அது. அங்கிருந்த நாணய மாற்றுக் கடையொன்றில் தந்தையாருக்கு வேலை. மூன்றாண்டுச் சேமிப்பைக் கொண்டு 1973-இல் அவர்கள் வாங்கியது ஒமேகா நிறுவனத்தின் 'சீமாஸ்டர்' கடிகாரம். எஃகு உறை, வெள்ளி நிற முகப்பு, கறுப்புத் தோல்வார். வேறு அலங்காரம் எதுவுமில்லை.

விடுமுறையில் ஊர் வந்தாலும் அதன் முட்களை அவர்கள் திருப்பமாட்டார்களாம். அந்நாளில் சிங்கப்பூர் நேரம் கிரீன்விச் நேரத்திற்கு ஏழரை மணி முன்னால் இருந்தது. நமது நேரம் ஐந்தரை மணி முன்னால். ஆக, வேறுபாடு சரியாக இரண்டு மணி நேரம். "நிமிஷ முள்ளு ரெண்டு ஊருக்கும் ஒண்ணுதான். மணியில ரெண்டைக் கழிச்சுக்க, அவ்வளவுதான்" என்பார்களாம். 1982 ஜனவரி முதல் நாள் சிங்கப்பூர் தன் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னே நகர்த்தியது. வேறுபாடு இரண்டரை மணியாயிற்று. அடுத்த முறை ஊர் வந்தபோதுதான் அத்தா முதன்முறையாக முட்களைத் திருப்பினார்கள் என்று என் தாயார் சொல்வதுண்டு.

1989-இல் அச்சந்து மூடப்பட்டது. தந்தையார் ஊர் திரும்பினார்கள். 1997-இல் திருச்சி ஜமால் முகம்மது கல்லூரியில் வரலாறு படிக்க எனக்கு இடம் கிடைத்தது. கட்டணம் செலுத்த வேண்டிய நாளுக்கு முந்தைய மாலை, வீடு திரும்பிய தந்தையாரின் கை வெறுமையாக இருந்தது. கடிகாரம் மறைத்திருந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது. மின்கலத்தில் ஓடும் மலிவான கடிகாரங்கள் பெருகிவிட்ட காலம் அது. சாவி கொடுக்கும் கடிகாரத்திற்கு யார் மதிப்புத் தருவார்? இரண்டாயிரம் ரூபாய்தான் கிடைத்ததாம். நான் எதையோ சொல்லத் தொடங்கியபோது, "பள்ளியில பாங்கு கேக்குதுல்ல? நேரம் தெரிய அது போதும்" என்று முடித்துவிட்டார்கள். அதன்பின் இறுதிவரை அவர்கள் கையில் கடிகாரம் கட்டவில்லை.

அந்தக் கடிகாரத்தைப் போன்ற ஒன்றை வாங்க வேண்டும் என்ற ஆசை அன்று முளைத்தது. நூல்களுக்கு மெய்ப்புத் திருத்திக் கிடைத்த சிறு தொகைகளை ஏழாண்டுகள் சேர்த்தேன். சேர்ந்த பின்னரோ மனம் தடுமாறியது. இது தேவையா, வீண்விரயமா? பன்னிரண்டாம் வகுப்பை முடித்திருந்த என் மகளின் கல்லூரிக் கட்டணத்தைத் தனியே எடுத்து என் மனைவியிடம் கொடுத்துவிட்ட பிறகே சிங்கப்பூர் செல்லத் துணிந்தேன். "போய்ட்டு வாங்க. வாங்காம வந்தா இன்னும் பத்து வருஷம் அதையேதான் பேசிக்கிட்டிருப்பீங்க" என்றார் அவர்.

2024-ஆம் ஆண்டு ஷவ்வால் மாதத்தில், மதரஸா திறக்கும் முன்பு, அங்கே வசிக்கும் என் லாத்தாவின் அழைப்பின் பேரில் சென்றேன். என் பயணம் சவுத் பிரிட்ஜ் சாலையிலுள்ள ஜாமிஆ சூலியா பள்ளியில் தொடங்கியது. 1826-இல் சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற நம் மக்கள் நிறுவிய பள்ளிவாசல் அது. முகப்பில் எண்கோண வடிவில் இரட்டை மினாராக்கள் நிற்கின்றன. உள்ளே ஹவுளருகே தமிழ்ப் பேச்சு காதில் விழுகிறது. மணி ஒன்றைத் தாண்டிய பிறகே அன்று அங்கு ளுஹர் பாங்கு சொன்னார்கள். கடிகாரம் கதிரவனை முந்திக்கொண்டு ஓடும் ஊர் அது. தொழுகையோ கதிரவனைத்தான் பின்பற்றுகிறது.

ளுஹரை முடித்துக்கொண்டு லாத்தாவின் மகனுடன் நடந்தேன். சவுத் பிரிட்ஜ் சாலை எல்ஜின் பாலத்தில் ஆற்றைக் கடந்ததும் நார்த் பிரிட்ஜ் சாலை என்று பெயர் மாறுகிறது. ஆற்றங்கரைக்கு அருகில், 1906-இல் எழுப்பப்பட்ட விக்டோரியா மண்டபத்து மணிக்கூண்டு இருக்கிறது. தந்தையார் தம் கடிகாரத்தை அதனோடு ஒப்பிட்டுப் பார்த்திருப்பார்களோ என்று எண்ணியவாறே நடந்தேன். மேலும் சிறிது தூரம் சென்றால் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் எதிரே பெனின்சுலா வணிக வளாகங்கள். பழைய கடிகாரங்களும் புகைப்படக் கருவிகளும் விற்கும் சிறு கடைகள் அங்கே வரிசையாக உள்ளன.

நாங்கள் நுழைந்த கடையில் எழுபது வயதைக் கடந்த சீனப் பெரியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். "அங்கிள்" என்று அழைத்து மருமகன் மலாய் மொழியில் விவரம் சொன்னான். முதலில் பெரியவர் எடுத்துக் காட்டியது தங்க உறையிட்ட கடிகாரம். ஆண்களுக்குத் தங்கம் ஆகாது என்று நான் தொடங்குவதற்குள் அவரே என் தொப்பியைப் பார்த்துச் சிரித்து, அதை உள்ளே வைத்துவிட்டார். பின்னர் இரண்டு எஃகுக் கடிகாரங்களைப் பட்டுத்துணியின்மேல் வைத்தார். இரண்டும் சீமாஸ்டர். ஒன்றின் முகப்பு நேற்றுச் செய்ததுபோல் பளபளத்தது. விலை 600 வெள்ளி. மற்றொன்றின் முகப்பில் மழைத்துளி காய்ந்தாற்போலப் பழுப்புப் புள்ளிகள். விலை 750 வெள்ளி.

"மாமா, பளிச்சுன்னு இருக்கறதுதான் விலையும் குறைச்சல். அதையே எடுத்துக்கலாமே?" என்றான் மருமகன். எனக்கும் அப்படியே தோன்றியது.

பெரியவர் உருப்பெருக்கிக் கண்ணாடியை என்னிடம் நீட்டினார். பளபளத்த முகப்பில் எழுத்துகள் தடித்து, மை பரவியிருந்தன. ஆறாம் எண் இருக்கும் இடத்தினடியில் அக்காலச் சீமாஸ்டரில் காணப்படும் மிகச் சிறிய ஆங்கில எழுத்துகள் இதில் இல்லவே இல்லை. "இது மறுபடி வர்ணம் பூசியது. அடியில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. இன்னொன்று தானாக முதுமையடைந்தது" என்றார். புள்ளி விழுந்த கடிகாரத்தின் கண்ணாடி நடுவே, ஊசிமுனை அளவில் ஒமேகா சின்னம் பொறித்திருப்பதைக் காட்டினார். பின்மூடியைத் திறந்தார். செம்பு நிற இயந்திரம், 24 கற்கள், 565 என்ற எண். 1966-இல் அறிமுகமான இயந்திரம் அது. கையசைவில் சுழலும் அரைவட்டத் தகடு தானே சாவி கொடுத்துக்கொள்ளும். மணிக்கு 19,800 அசைவுகள், அதாவது நொடிக்கு ஐந்தரை. காதருகே வைத்தேன். சிறுவயதில் தந்தையாரின் கையில் தலைவைத்து உறங்கிய இரவுகளில் கேட்ட ஒலி அதுதான்.

பெரியவர் அத்தோடு நிற்கவில்லை. சாவித் திருகு பின்னாளில் மாற்றப்பட்டது என்றார். "பெயரில் கடல் இருந்தாலும் தண்ணீர் பட விடாதீர்கள். உள்ளிருக்கும் ரப்பர் வளையத்தை நம்ப முடியாது. தொழுகைக்குக் கை கழுவும்போது கழற்றிவிடுங்கள்" என்றும் எச்சரித்தார். எனக்குச் சட்டென்று நினைவுக்கு வந்தது. ஒளூச் செய்யும் முன் தந்தையார் கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்கள். கற்கும் வயதில் நான் கேட்காமல் விட்ட காரணத்தை, முன்பின் அறியாத ஒருவர் அந்தக் கடையில் எனக்குச் சொன்னார்.

ஈரமான தானியத்தை அடியில் மறைத்து வைத்திருந்த வணிகரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்த நிகழ்ச்சியை ஆண்டுதோறும் மாணவர்களுக்கு நடத்துகிறேன். குறையை மறைக்காத வணிகம் எப்படியிருக்கும் என்பதை அன்று வாடிக்கையாளனாக நின்று கண்டேன். பேரம் பேச நா எழவில்லை. 750 வெள்ளியை, நம் பணத்தில் ஏறத்தாழ 46 ஆயிரம் ரூபாயை, எண்ணிக் கொடுத்தேன்.

வாசகர்களே, பழைய கடிகாரம் வாங்க விழைவோர் சிலவற்றை மனத்தில் கொள்ளுங்கள். பின்மூடியைத் திறந்து காட்ட மறுக்கும் கடையை விட்டு வெளியேறிவிடுங்கள். முகப்பின் பளபளப்பைக் காட்டிலும் எழுத்துகளின் நேர்த்தியைப் பாருங்கள். எந்தெந்த உறுப்புகள் மாற்றப்பட்டன என்று கேட்டு, அதை ரசீதில் எழுதி வாங்குங்கள். அனைத்திற்கும் மேலாக, குடும்பத்தாரின் உரிமைகளைக் கொடுத்தபின் எஞ்சும் பணத்தில் மட்டுமே வாங்குங்கள்.

திருச்சி விமான நிலையத்தில் இறங்கியதும் முட்களை இரண்டரை மணி நேரம் பின்னுக்குத் திருப்பினேன். இருபத்தேழு ஆண்டு ஆசை நிறைவேறிய மகிழ்ச்சி இருக்கத்தான் செய்தது. ஆயினும் ஓர் உண்மையை மறைக்க விரும்பவில்லை. என் கையிலிருந்தது யாரோ ஒருவரின் கடிகாரம். தந்தையார் விற்றதை நான் மீட்டுவிடவில்லை, மீட்கவும் இயலாது. அவர்கள் அதைக் கொடுத்து வாங்கிய கல்வியைக் கொண்டுதான் மெய்ப்புத் திருத்தினேன்; அந்தக் கூலியில்தான் இதை வாங்கினேன்.

வீட்டில் என் மகள் அதைக் காதருகே வைத்து நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். "இதை எப்பவாவது விப்பீங்களா அத்தா?" என்றாள்.

"உன் படிப்புக்கு வேணும்னா நாளைக்கே" என்றேன். சொன்னபின் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன், தயக்கம் ஏதுமில்லை. அல்ஹம்துலில்லாஹ்! அப்போது அஸ்ர் பாங்கு ஒலித்தது. கடிகாரத்தை அவளிடமிருந்து வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் புறப்பட்டேன்.