மலை ஜீப்புக்கு மாற்று எஞ்சின்

ஜீப்பில் எஞ்சின் மாற்றுவது என்றால், சேசிஸும் அச்சுகளும் பாடியும் பழையபடி இருக்க, உள்ளே இருக்கும் எஞ்சினை மட்டும் கழற்றிவிட்டு, வேறொரு வண்டிக்காகச் செய்யப்பட்ட எஞ்சினை அதே இடத்தில் உட்கார வைப்பது. சேர்வராயன் மலையில் இந்த வேலைக்குத் தேவை உண்டாக்குவது நிலம்தான். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மலைமேல் இருக்கும் ஏற்காடு 1,500 மீட்டரைத் தொடுகிறது. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறும் தார்ச்சாலைக்கு எந்த வண்டியும் போதும். அதைவிட்டு இறங்கி நாகலூர், வாழவந்தி, மாரமங்கலம் பக்கம் தோட்டத்துக்குள் போகும் மண்பாதைகள் வேறு கணக்கு. 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காபியைக் கொண்டுவந்த காலத்திலிருந்து, சரிவில் விளைந்ததைச் சாலைக்கு ஏற்றுவதே இந்த மலையின் தீராத வேலை. உர மூட்டை, மிளகு, சில்வர் ஓக் மரம், பழம் பறிக்கும் ஆட்கள் என்று எல்லாச் சுமையும் ஒரே ஜீப்பில் ஏறும்.

‘இழுவை பத்தலைங்க’ என்றுதான் மலை டிரைவர் பட்டறையில் பேச்சைத் தொடங்குவார். அதற்கு எஞ்சின் தேய்மானம் மட்டும் காரணமல்ல. 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத டீசல் எஞ்சின் அந்த அளவுக்குக் குறைந்த காற்றைத்தான் உள்ளிழுக்கும். பம்ப் அனுப்பும் டீசல் முழுதாக எரியாமல் கரும்புகையாகப் போகும். டர்போ எஞ்சின் காற்றை அழுத்தித் திணிப்பதால் இந்த இழப்பைப் பெருமளவு ஈடுகட்டிவிடும். மலைக்காரர்கள் டர்போவை விரும்புவதில் நியாயம் இருக்கிறது.

எஞ்சின் மாற்றம் இரண்டு அலைகளாக வந்தது. மகிந்திரா நிறுவனம் 1940களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்புகளை இந்தியாவில் பூட்டத் தொடங்கியது. பிறகு இங்கே பரவலாக ஓடிய சிஜே-3பி வகையில் இருந்தது 2.2 லிட்டர் ‘ஹரிக்கேன்’ பெட்ரோல் எஞ்சின். சுமார் 75 குதிரைத்திறன். இழுவையில் குறை சொல்ல முடியாத எஞ்சின் அது. பெட்ரோல் செலவுதான் கட்டுப்படியாகவில்லை. ஆகவே முதல் அலையில் தேடப்பட்டது வலு அல்ல, சிக்கனம். பஜாஜ் டெம்போவின் மடாடர் வேனிலிருந்து கழற்றிய டீசல் எஞ்சின்கள் அம்பாசடர்களிலும் ஜீப்புகளிலும் ஏறின. மகிந்திராவும் 1979-இல் பிரான்சின் பெஜோ நிறுவனத்திடம் உரிமம் பெற்று, 2,112 சிசி டீசல் எஞ்சினைத் தன் ஜீப்புகளுக்கே கொடுத்தது. 62 குதிரைத்திறன், சுமார் 120 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. டீசல் மிச்சமானது, ஏற்றத்தில் மூச்சு வாங்கியது.

அந்தக் குறையிலிருந்து எழுந்ததே இரண்டாவது அலை. இன்டர்நேஷனல் டிராக்டர் எஞ்சினின் வழியில் வந்த மகிந்திராவின் 2,523 சிசி ‘டிஐ’ எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதே நன்றாக இழுக்கும், எந்த ஊர் மெக்கானிக்கும் கைவைக்கலாம் என்பதால் முதல் தேர்வானது. 2010-இல் வந்த தார் ஜீப்பின் காமன் ரெயில் எஞ்சின் 105 குதிரைத்திறனும் 247 நியூட்டன் மீட்டரும் தருகிறது. பெஜோவின் முறுக்குவிசையைப் போல இரண்டு மடங்கு. அமெரிக்காவில் பழைய ஜீப்புக்குள் செவர்லே வி8 பெட்ரோல் எஞ்சினைப் பொருத்துவார்கள். அதற்கான இணைப்புப் பாகங்களை அங்கே நிறுவனங்களே விற்கின்றன. இங்கே அதே பாகம் ஒரு லேத்தில், ஒரு ஆளின் கையில் பிறக்கிறது.

மலையில் நடப்பது சில்லறை வேலைதான். எஞ்சின் மாற்றத்துக்கு வண்டி சேலத்துக்கு இறங்கியாக வேண்டும். சேலம், சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரம் லாரிகளையும் போர்வெல் வண்டிகளையும் நம்பி வாழ்வது. லேத், வெல்டிங், ரேடியேட்டர், ஸ்பிரிங் பட்டை கட்டுதல் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி கைகள் அங்கே உண்டு.

செயின் பிளாக்கில் பழைய எஞ்சினைத் தூக்கி எடுப்பது எளிய பகுதி. புதிய எஞ்சினும் பழைய கியர் பாக்ஸும் ஒன்றோடொன்று சேராது. போல்ட் துளைகளின் இடம் வேறு, விட்டம் வேறு. இரண்டுக்கும் நடுவே கனமான இரும்புத் தகட்டில் அடாப்டர் பிளேட் வெட்டப்படுகிறது. ஒரு முகத்தில் எஞ்சினின் துளைகள், மறு முகத்தில் கியர் பாக்ஸின் துளைகள். இந்த வேலையின் உயிர் மையத்தில் இருக்கிறது. கிராங்க் ஷாஃப்டின் மையமும் கியர் பாக்ஸின் உள்வரும் ஷாஃப்டின் மையமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். மயிரிழை விலகினாலும் முதலில் பைலட் பேரிங் சத்தம் போடும், பிறகு கிளட்ச் பிளேட் தேயும், கடைசியில் கியர் பாக்ஸின் முன் பேரிங் போகும். நல்ல லேத்காரர் ஃபிளைவீலில் டயல் கேஜைப் பொருத்தி, கையால் சுற்றி, பெல் ஹவுசிங்கின் துளை விளிம்பை முழு வட்டமும் அளந்த பிறகே பிளேட்டைக் கையைவிட்டுக் கொடுப்பார். பிளேட்டின் கனத்தால் ஷாஃப்ட் பின்தள்ளிப் போவதால், அதன் நுனி உட்காரப் புதிதாக ஒரு புஷ் கடைய வேண்டும். கண் அளவில் ஒப்பேற்றும் பட்டறைக்கும் இப்படி அளந்து செய்யும் பட்டறைக்கும் உள்ள வித்தியாசம் வண்டி மலை ஏறிய சில மாதங்களில் தெரிந்துவிடும்.

அடுத்த சிக்கல் எஞ்சினுக்கு அடியில். ஜீப்பின் முன் அச்சு ஆயில் சம்ப்புக்குக் கீழே போகிறது. பாறையில் சக்கரம் ஏறிப் பட்டை அமுங்கும்போது அச்சு மேலெழுந்து சம்ப்பை இடிக்கும். எஞ்சினை உயர்த்தினால் பானெட் மூடாது. பிரொப்பல்லர் ஷாஃப்டின் கோணம் கூடிக் கிராஸ்கள் சீக்கிரம் தேயும். ஆகவே சம்ப்பை வெட்டி வேறு வடிவில் வெல்டு வைக்கிறார்கள், ஆயில் உறிஞ்சும் குழாயையும் அதற்கேற்ப வளைக்கிறார்கள். செங்குத்தான ஏற்றத்தில் ஆயில் முழுவதும் பின்பக்கம் ஒதுங்கும். குழாயின் வாய் முன்பக்கம் நின்றுவிட்டால், எஞ்சின் மிகக் கடினமாக உழைக்கும் அந்த நேரத்தில் ஆயில் கிடைக்காது. சமவெளியில் ஓட்டிப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

எஞ்சின் ஓடத் தொடங்கியதும் வேலை முடிந்ததாக நினைப்பதுதான் பெரிய தவறு. பழைய மூன்று கியர் ஜீப்பில் முதல் கியர், லோ கியர், 5.38 விகிதமுள்ள கிரவுன் பினியன் மூன்றும் சேர்ந்து எஞ்சினின் முறுக்குவிசையைச் சுமார் 37 மடங்காக்கிச் சக்கரங்களுக்கு அனுப்புகின்றன. 120 நியூட்டன் மீட்டர் என்றால் ஏறத்தாழ 4,400; 247 என்றால் 9,100-க்கும் மேல். அச்சுத் தண்டுகளும் பினியனும் செய்யப்பட்டது பழைய கணக்குக்கு. சேற்றில் சக்கரம் சுழலும்வரை ஒன்றும் ஆகாது. பாறை இடுக்கில் மாட்டி நிற்கும்போது டிரைவர் ஆக்சிலரேட்டரை மிதித்தால் தண்டு முறியும். வலுவான எஞ்சினுக்குச் செலவழிப்பவர் அச்சுக்கும் செலவழிக்கத்தான் வேண்டும்.

பிரேக் இதைவிட முக்கியம். பழைய ஜீப்பின் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வேக்குவத்தைப் பெட்ரோல் எஞ்சின் தன் உறிஞ்சலிலேயே தரும்; டீசல் எஞ்சின் தராது. பூஸ்டர் வைத்த வண்டிக்கு ஆல்டர்னேட்டரோடு சேர்ந்த வேக்குவம் பம்ப் தேவை. ஏறும்போது வேகமாக ஏறிய ஜீப் இறங்கும்போதும் வேகமாகவே இறங்கும். சுமையோடு 20 வளைவுகளிலும் மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறிப் பிடி விட்டுப்போகும். முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் போடாமல் எஞ்சினை மட்டும் மாற்றி அனுப்பும் பட்டறை, வண்டியில் ஏறும் தோட்டத் தொழிலாளர்களைப் பற்றி யோசிக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். அவர்கள் பின்னால் நெருங்கி உட்கார்ந்து வருகிறார்கள்; எஞ்சினைத் தேர்ந்தெடுத்தது அவர்கள் அல்ல. ரேடியேட்டரும் அப்படியே: மெதுவாக ஏறும் வண்டிக்கு எதிர்க்காற்று இல்லை, ஃபேன் இழுக்கும் காற்றுதான் எல்லாம்.

காமன் ரெயில் எஞ்சினோடு கம்ப்யூட்டர் பெட்டியும் வயர் கட்டும் பெடல் சென்சாரும் இன்டர்கூலரும் கூடவே வந்தாக வேண்டும். சாவியோடு பிணைந்த மின்னணுப் பூட்டு நீங்காவிட்டால் எஞ்சின் உயிர்பெறாது. ஸ்பேனரில் தேர்ந்த கைகள் இங்கே எலக்ட்ரீஷியனை எதிர்பார்த்து நிற்கின்றன. தோட்டப் பாதையில் ஒரு சென்சாரில் தண்ணீர் புகுந்தால் வண்டி அங்கேயே நின்றுவிடும் என்பதால், குறைந்த வலு போதும் என்று டிஐ எஞ்சினையே கேட்பவர்களின் முடிவு சரியானது.

சட்டம் இந்த வேலைக்கு இடம் தருவது மிகக் குறைவு. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்று மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது. கேரளத்திலிருந்து வந்த வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. 2019 திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவு, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. பழுதான எஞ்சினுக்குப் பதில் அதே வகை எஞ்சினை ஆர்.டி.ஓ. அனுமதியோடு வைத்து, புதிய எண்ணை ஆர்.சி. புத்தகத்தில் ஏற்றிக்கொள்ளலாம். 15 ஆண்டு கடந்த சொந்த வண்டி பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் சரிபார்க்கப்படும். ஆகவே எஞ்சின் வாங்கும்போது விற்பனை ரசீதையும் அது கழற்றப்பட்ட வண்டியின் ஆவணங்களையும் கேட்டு வாங்கி, எண்ணை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அதைப் பட்டறைக்குள் இறக்க வேண்டும்.